அம்மா கேட்ட ஒரே கேள்வி

தை மாசம் வந்தால் எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் ரோட்டோரமெல்லாம் மக்காச்சோளம் காயும். காய வைக்க அத்தனை தார்ப்பாய்க்கு எங்கே போவது? கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு முடிந்து கழற்றிய ஃபிளெக்ஸ் பேனரைத்தான் விரித்துப் போடுவார்கள். போன வருஷம் தை மாசத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். யாரோ ஒரு பெரியவரின் 'கண்ணீர் அஞ்சலி' பேனர். அவர் நெற்றியில் ஒரு குவியல், கன்னத்தில் ஒரு குவியல். மூக்கின் மேல் ஒரு கோழி நின்று சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறு நிமிஷமே மனசு திக்கென்றது.

மாசி மாசம் எங்கப்பாவுக்கு வருஷத் திதி. அரியலூரில் முப்பதடிக்குப் பேனர் வைக்கப் போவதாக அண்ணன் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்!

எங்கப்பா அரியலூர் கடைத்தெருவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், மஞ்சள் நீராட்டு, செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுப்பது வரை எல்லாம் செய்வார். அது பிழைப்புக்கு. அது போக, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு யாஷிகா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழிகளுக்குப் போவார். பருத்திக் காட்டுக்குப் போவார். சந்தைக்குப் போவார். கல் சுமக்கிற பொம்பளை, பருத்தி எடுக்கிற பொம்பளை, மோர் விற்கிற கிழவி என்று எடுத்துக்கொண்டே இருப்பார். ஒரு காசு வராது. அந்தக் காலத்தில் 'இந்து' ஃபிலிம் ஊட்டியில் தயாராகி வரும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். "ரேஷன் சர்க்கரை வாங்கக் காசில்ல, இந்த மனுஷனுக்கு ஃபிலிமு கேக்குது" என்று அம்மா கரித்துக் கொட்டாத நாளே கிடையாது.

"யாரு பாக்கப் போறா இதையெல்லாம்?" என்று அம்மா கேட்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார். டார்க் ரூமுக்குள் போய்விடுவார். சிவப்பு பல்பு வெளிச்சத்தில், ஹைப்போ வாடையில், தட்டிலிருக்கிற தண்ணீரில் வெள்ளைக் காகிதத்தில் முகம் மெல்ல மெல்ல எழுந்து வருவதை அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பார்த்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. சாமி வருவது போல இருக்கும்.

இப்போது பேனர் விஷயத்துக்கு வருகிறேன். பேனர் போடப் படம் வேண்டுமே, தேடினோம். என்ன ஆச்சரியம் பாருங்கள், ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்கு ஒரு நல்ல படம் இல்லை! எந்தப் படத்திலும் அவர் கேமராவுக்கு அந்தப் பக்கம். வாக்காளர் அட்டையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் கல்யாண ஆல்பத்தில் அவர் முதுகுதான் கிடைத்தது. அண்ணி பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினாள். அதற்குள்ளாவது இருக்கும் என்று திறந்தால், அப்பா இல்லை. முந்நூறு, நானூறு நெகட்டிவ். எல்லாம் பிஸ்கட் டப்பாவில், பழைய காகித உறையில். உறையின் மேல் அவர் கையெழுத்தில் வருஷம்: 1981, 82, 84...

என் மகள் சென்னையில் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். செல்போனில் வெள்ளைப் பக்கத்தை வெளிச்சமாக வைத்து, அதற்குச் சற்று மேலே நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனால் படம் எடுத்தாள். கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் அதிலேயே மாற்றிவிட்டாள். கல்லங்குறிச்சிக் குழியும் பருத்திக் காடும் நாற்பது வருஷம் கழித்துக் கண் முன்னால் வந்து நின்றன. இடுப்பில் பிள்ளையும் தலையில் கல்லுமாக ஒருத்தி கேமராவை நேராகப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி டப்பாவில் ஒரு படம் தனியாகச் சுருட்டி வைத்திருந்தது. மொட்டை மாடியில், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கூந்தலை விரித்துப் போட்டுச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சிரிக்கிற ஒரு பெண். யாரென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கம்மா!

மகள் சொன்னாள்: "தாத்தா மூஞ்சிய எதுக்கும்மா பேனர்ல போடணும்? தாத்தா எடுத்த படத்தைப் போடுங்க. அதுதான் தாத்தா."

சென்னையில் ஃபோட்டோ பினாலே என்று ஒன்று நடக்கிறது. 2016-இல் தொடங்கியது. படங்களைப் பணக்காரர் பார்க்கிற கூடத்துக்குள் மட்டும் பூட்டி வைக்காமல் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் ஜனங்கள் போகிற வழியில் வைத்தார்கள் என்று மகள் சொன்னாள். அதன் நாலாவது தடவை 2024 டிசம்பரில் ஆரம்பமாகி 2025 மார்ச் வரை நடந்தது. நான் அவளை ஹாஸ்டலில் விடப் போன சாக்கில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். என்னைப் போல ஹைஸ்கூலோடு நிறுத்தியவளுக்கு இதெல்லாம் புரியுமா என்று பயந்துகொண்டே போனேன். புரிவதற்கு என்ன இருக்கிறது? மனுஷாளின் முகம்தானே!

வெளியூர்க் கதைகளும் சொன்னாள். அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் என்று ஒரு கலைஞர். கியூபாவில் பிறந்தவர். அவருடைய துணைவர் 1991-இல் எய்ட்ஸ் நோயில் இறந்து போனார். மறு வருஷம் நியூயார்க் நகரில் 24 விளம்பரப் பலகைகளில் இவர் ஒரே ஒரு படத்தை வைத்தார். சோப்பும் இல்லை, சினிமாவும் இல்லை. வெறும் கட்டில். கலைந்த வெள்ளை விரிப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணை, அதில் இரண்டு தலை அழுந்திய பள்ளம். ஒரு எழுத்துகூடக் கிடையாது. அவ்வளவுதான். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா போன மறுநாள் அம்மா அவர் தலையணையை வெயிலில் போட விடாமல் எடுத்துப் பீரோவில் வைத்தது ஞாபகம் வந்தது. துக்கத்துக்கு மொழி ஏது?

பிரான்ஸ் நாட்டில் ஜே.ஆர். என்று ஒருவர். 2008-இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் ஒரு குன்றின் மேலுள்ள ஏழைகள் குடியிருப்பில், அங்கே வாழ்கிற பெண்களின் கண்களையும் முகங்களையும் பிரம்மாண்டமாக அச்சடித்து வீட்டுச் சுவர்களிலேயே ஒட்டினாராம். கீழே நகரத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்தால் அந்தக் கண்கள்தான்.

இதையெல்லாம் கேட்டபின் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, பஸ் ஸ்டாண்டு முக்குல முப்பதடி வேணாம். அப்பா எடுத்த படத்துல ஒரு பதினாலு எடுத்து நாலடிக்கு நாலடி துணியில அடிச்சு, நம்ம வீட்டு காம்பவுண்டு சுவத்துல மாட்டுவோம். ரோட்ல போறவங்க பார்க்கட்டும்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல அவனவன் அவங்கப்பனுக்கு எப்படி வைக்கிறான்! நம்மப்பாவுக்கு மட்டும் கல்லு சுமக்கிறவ படமா?"

அவர் கோபத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்குப் பெரிசாகச் செய்ய வேண்டும் என்கிற பாசம்தான். ஆனால் பேனர் ஆபத்தை நாம் மறக்கலாமா? 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில், வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண்ணின் மேல் ரோட்டு நடுவில் கட்டிய கல்யாண பேனர் சரிந்தது. கீழே விழுந்தவள் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு யாரோ பெற்ற பெண் பலி. அதைச் சொன்னதும் அண்ணன் மௌனமாகிவிட்டார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், ஸ்கூட்டரில்தான் காலேஜ் போகிறாள்.

"சரி, உன் இஷ்டம்" என்றவர், படங்களைப் பார்த்துக்கொண்டே வந்து அந்தச் சாம்பிராணிப் படத்தில் நின்றார். "இது கூடாது. கூந்தலை விரிச்சுப் போட்டுக்கிட்டு... தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் அம்மாவைப் பார்க்கணுமா?"

"அப்பா எடுத்ததுலயே இதுதாண்ணே நல்ல படம்" என்றேன்.

இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே தவிர, திண்ணையில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாவை இரண்டு பேருமே கேட்கவில்லை. என் மகள்தான் படத்தை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். "அம்மாச்சி, இத வைக்கலாமா, வேணாமா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னைக் கேக்குறீங்க, சரி. மத்தப் படத்துல இருக்கிற பொம்பளைங்கள கேட்டீங்களா?"

என் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. எங்கம்மா கூந்தலைத் தெருவில் காட்டலாமா என்று அரை மணி நேரம் வாதம் செய்தோம். கிழிந்த ரவிக்கையோடு கல் சுமக்கிறவளின் படத்தைப் பற்றி எங்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை! அவளும் ஒரு வீட்டுக்கு அம்மாதானே?

உலகம் பூரா இதே கதைதான். 1985 ஜூன் மாச நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை யாருக்குத் தெரியாது? ஸ்டீவ் மெக்கரி என்பவர் 1984-இல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்தது. அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல் அவளைத் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை வருஷமும் தன் படத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். உலகமே பார்த்துவிட்டது, அவளைத் தவிர.

எங்கள் அரியலூர்ப் பொம்பளைகளும் அப்படித்தான் இருந்தார்கள், அந்த டிரங்குப் பெட்டிக்குள்.

பதினாலு படத்தையும் கையகலத்துக்கு அச்சடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினோம். என் வீட்டுக்காரர் ஆட்டோ பேசினார். முட்டி வலியோடு அம்மாவும் வருவேன் என்றாள். "அவுரு போன வழிதானே, நான் ஒரு நாள்கூட கூடப் போனதில்ல" என்றாள். நாலு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராக அலைந்தோம். டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டோம். குழிகளெல்லாம் இப்போது ஏரி போல ஆழமாகிவிட்டன. இந்த மண் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது என்பார்கள். கொத்தினால் கல்லாகிப் போன நத்தையும் சிப்பியும் இன்றும் கிடைக்கும். அந்த வெயிலில் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நாமும் புதைந்த சிப்பியைத்தான் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது பேர் விவரம் தெரிந்தது. அதில் ஐந்து பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்தோம். ஒரு நடுத்தர வயதுக்காரர் மோர்க்காரக் கிழவியின் படத்தைக் கையில் வாங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பாட்டி. அவரை வளர்த்தவள். அவளுக்கு வேறு படமே கிடையாது. "எங்க பசங்ககிட்ட எப்படி இருப்பாங்கன்னு சொல்லத் தெரியாமலே இருந்தேங்க" என்றார். அம்மா படத்தை அவர் கையிலேயே மூடி வைத்தாள்.

ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றாள். "அப்ப பட்ட கஷ்டம் போதும்மா. எம் மருமகளுக்குத் தெரியாது நான் கல்லு சுமந்தது" என்றாள். சரி என்று அந்தப் படத்தை எடுத்துவிட்டோம். அது ரொம்ப நல்ல படம். மகளுக்கு முகம் வாடிவிட்டது. அம்மா, "அது அவ மூஞ்சி" என்று முடித்துவிட்டாள். யாரென்று தெரியாத ஐந்து படங்களையும் வைக்கவில்லை.

கடைசியாகத்தான் அந்த நேர்ப் பார்வைக்காரியைக் கண்டோம். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, திருப்பூரில் வேலையாம். அவளுக்கு அம்மா வயசு இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வெடிச் சிரிப்பாகச் சிரித்தாள். "அந்த போட்டோக்காரர் ஐயாதானே! தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, எடுக்கட்டுமா தாயின்னு கேட்டுட்டுத்தான் எடுத்தாரு. படம் கொண்டாந்து தர்றேன்னாரு, வரவேயில்ல" என்றாள்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தான் காரணம். பிரிண்டு போடக் காசு கேட்டப்பெல்லாம் சண்டை போட்டேன்" என்றாள் மெதுவாக. நாற்பது வருஷத்துக்கு அப்புறம் கடனை அடைப்பது போல இரண்டு கையாலும் படத்தைக் கொடுத்தாள்.

அந்தப் பெண்மணி விடவில்லை. "வைங்க, நல்லா பெரிசா வைங்க. எல்லாம் சரி, எங்க படத்தை எல்லாம் போடுறீங்களே, உங்க படம் எங்கே?" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஆட்டோவில் திரும்பி வரும்போது பாதி வழியில் சொன்னாள்: "அதையும் வைங்க. அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? ஆனா ஒரு நாள்தான். சாயந்திரம் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்துரணும்."

திதியன்று காலையில் படையல் முடிந்ததும் மாட்டினோம். நகராட்சியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார் என் வீட்டுக்காரர். எட்டுப் பெண்கள், ஒன்பதாவதாக அம்மா. பேர், வயசு, அஞ்சலி எதுவும் எழுதவில்லை. ஓரத்தில் அப்பா பெயரும் வருஷமும் மட்டும். அண்ணன் ஏணி மேலே ஏறி, அம்மா படத்தை அவர் கையாலேயே கட்டினார். இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தார். "அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல, பாப்பா" என்றார். நானும்தான் பார்த்ததில்லை. அப்பா ஒருத்தர்தான் பார்த்திருக்கிறார்.

ஊர் என்ன சொல்லிற்று என்று கேட்பீர்கள். ஒருத்தர் இரண்டு பேர் "என்ன, சினிமாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்த்தன. அந்தச் சிரிப்புக்காரப் பெண்மணி மத்தியானம் பஸ் ஏறி வந்து, தன் படத்துக்குக் கீழே அம்மாவோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். சாயந்திரம் சொன்னபடி அம்மா படத்தைக் கழற்றிவிட்டோம். இப்போது அது அரியலூர் வீட்டு முன் அறையில் இருக்கிறது. மற்ற துணிப் படங்களை அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டோம். மக்காச்சோளம் காய வைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கலாம். நெகட்டிவ் இருந்தால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள், ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். பிளாஸ்டிக் உறையில் வியர்க்கும், காகித உறையே நல்லது. புளித்த காடி வாடை அடித்தால் அந்த ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்து உடனே பிரதி எடுத்துவிடுங்கள். வீட்டில் பழைய ஃபிளெக்ஸ் இருந்தால் வெந்நீர் அடுப்பில் மட்டும் எரிக்காதீர்கள். அது பி.வி.சி. பிளாஸ்டிக், அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம்.

யார் படத்தையாவது நாலு பேர் பார்க்க வைக்கப் போகிறீர்களா? இப்போதெல்லாம் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எல்லாருமே பேனர் வைக்கிறவர்கள்தான். வைப்பதற்கு முன்னால் அந்த முகத்துக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எட்டாங்கிளாஸ்கூடப் படிக்காத எங்கம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.